விஎம்முக்குள்ளே விஎம் ஓட்டிப் பட்ட பாடு: உங்க கதையையும் சொல்லுங்க மக்கா

நாகர்கோவில்காரன்:
வீட்டிலிருந்துதான் வேலை. டெஸ்க்டாப்பில் ஒரு லினக்ஸ் விஎம் (வெர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள்ளே மென்பொருளா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்), அதுக்குள்ளே ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஓடணும்; அதுவும் ஒரு விஎம்தான். ஓடல. விஎம்முக்குள்ளே போய்ப் பார்த்தா சிபியு ஃபிளாக்கில், அதாவது புராசசர் வசதிப் பட்டியலில், விஎம்எக்ஸையே (விஎம் ஓட்ட இன்டெல் புராசசர் தர்ற வசதி) காணோம். என் ஹோஸ்ட், அதாவது விஎம்மைத் தாங்குற நிஜ மெஷின், பழைய லினக்ஸ் கர்னல். கேவிஎம்மில் (லினக்ஸ் கர்னலோட விஎம் ஓட்டுற பகுதி) இன்டெலுக்கு நெஸ்டட் (விஎம்முக்குள்ளே விஎம்) வசதி 2011-லயே, 3.1 கர்னலில் வந்தாச்சு. ஆனா தானா ஆன் ஆகி வந்தது 2018 டிசம்பரில், 4.20-லதான். கேவிஎம் மாட்யூலைக் கழற்றி, நெஸ்டட்=1 போட்டு மாட்டணும்; அதுக்கு ஓடுற எல்லா விஎம்மையும் நிறுத்தணும். ராத்திரி பதினொண்ணரைக்கு நிறுத்தி மாட்டினேன். அப்பவும் காணோம்! விடியக்காலம்தான் பிடிபட்டுது, விஎம்மோட சிபியு மாடலை ஹோஸ்ட்-பாஸ்த்ரூ (நிஜ சிபியுவை அப்படியே உள்ளே காட்டுறது) ஆக்காம விட்டிருக்கேன். சவம், ஒரே ஒரு வரி.

தக்கலை:
ஆன் பண்றது சின்ன விஷயம். எனக்கு வேகம்தான் உயிரை வாங்குச்சு.

நம்ம ஊர்ல தோப்பைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்தவன் உள்பாட்டம் விடுவான் இல்லியா, அதுதான் இது. ஆனா இன்டெல் புராசசருக்கு உள்பாட்டம்னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டுற மென்பொருள்), நிஜ மெஷின்ல ஓடுற எல்0. அதோட விஎம்ல ஓடுற ஹைப்பர்வைசர் எல்1, அதுக்கும் உள்ளே இருக்கிற விஎம் எல்2. எல்2-ல எந்த எக்ஸிட் (விஎம் நின்னு ஹைப்பர்வைசர் கைக்குப் போறது) ஆனாலும் முதல்ல எல்0-கிட்டதான் வந்து விழும். நடுவுல இருக்கிற எல்1 கவனிக்க வேண்டியதுன்னா, புராசசரே அனுப்பின மாதிரி நடிச்சு எல்0 அங்க தள்ளிவிடும். எல்1 தன் எல்2-க்காக எழுதுற விஎம்சிஎஸ்ஸுக்கு (விஎம்மோட நிலையும் அமைப்பும் எழுதி வைக்கிற பகுதி) கேவிஎம் கோடில் விஎம்சிஎஸ்12னு பேரு. அதை வச்சு புராசசர் நேரா எல்2-வை ஓட்டாது. எல்0 அதையும், எல்1-ஐ ஓட்டத் தான் வச்சிருக்கிற விஎம்சிஎஸ்01-ஐயும் சேர்த்து விஎம்சிஎஸ்02னு ஒண்ணு தயார் பண்ணித்தான் ஓட விடும்.

ஒரு எக்ஸிட்டைக் கவனிக்க எல்1 எத்தனை விஎம்ரீட், விஎம்ரைட் (விஎம்சிஎஸ்ஸைப் படிக்கிற, எழுதுற கட்டளைகள்) செய்யுதோ, பழைய மெஷினில் ஒவ்வொண்ணும் எல்0-க்கு இன்னொரு எக்ஸிட். 2012-ல வாங்கின பெட்டி என்னோடது. எல்2-க்குள்ள கர்னல் கம்பைல் போட்டுட்டு, திற்பரப்பு அருவிக்குப் போய்க் குளிச்சுட்டு வந்தேன். முடியல. பிறகு இன்டெலோட ஹாஸ்வெல் புராசசருக்கு மாத்தினேன், 2013-ல வந்தது. அதுல ஷேடோ விஎம்சிஎஸ் இருக்கு; அந்த ரீட், ரைட்டைப் பெரும்பாலும் எல்0-கிட்ட போகாமலே எல்1 செய்யலாம். பாதி எக்ஸிட்டுக்கு வேலையே இல்ல, வித்தியாசம் கண்ணால தெரிஞ்சுது. ஐபிஎம் ஆய்வாளர்கள் 2010-லயே சாதாரண வேலைகளுக்கு ஒத்தை விஎம்மை விட 6-8% தான் கூடுதல் சுமைன்னு காட்டியிருக்காங்க. எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கல.

குளச்சல்:
நான் அசிங்கப்பட்டதைச் சொல்றேன், சிரிக்காதீங்க. படிக்கிறப்ப ஒரு குட்டி ஹைப்பர்வைசர் எழுதி கேவிஎம்முக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். ப்ரீஎம்ப்ஷன் டைமரை (குறிச்ச நேரத்துல விஎம்மை நிறுத்துற டைமர்) 1 மில்லி செகண்டுக்கு வச்சா, 32 மில்லி செகண்ட் கழிச்சு அடிக்குது. கேவிஎம்ல பக் கண்டுபிடிச்சாச்சுன்னு ஒரே துள்ளல். இங்கிலீஷ்ல நீளமா மெயில் எழுதிட்டேன்.

அனுப்பப் போற நேரம் கரண்ட் போச்சு. சும்மா இருக்காம போனில் கோடை வாசிச்சேன். எல்1-க்கு, அதாவது என் ஹைப்பர்வைசருக்கு, இந்த டைமரை கர்னல் தன்னோட ஹெச்ஆர்டைமரை (நுட்பமான மென்பொருள் டைமர்) வச்சுத்தான் எமுலேட் பண்ணுது. டிஎஸ்சி (புராசசரோட துடிப்பு எண்ணி) 32 தடவை ஓடினா டைமர் ஒண்ணு குறையும்னு, எம்எஸ்ஆரில் (புராசசரோட தகவல் ரெஜிஸ்டர்) 5னு போட்டு ஒழுங்கா அறிவிச்சும் வச்சிருக்கு. இரண்டின் அஞ்சாம் அடுக்கு, 32. நான்தான் எம்எஸ்ஆரை எட்டிக்கூடப் பார்க்காம, ஒண்ணுக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டிருக்கேன்.

நாகர்கோவில்காரன்:
தம்பி, அந்த மெயில் இன்னும் டிராஃப்ட்ல கிடக்கா?

குளச்சல்:
கரண்ட் வந்ததும் முதல் வேலையா அதை அழிச்சேன் அண்ணே.