சீரியம் லேசரில் 290 நா.மீ. மங்கினால் எங்கே பார்ப்பது? டெல்டா ஆய்வக அனுபவங்கள்

தஞ்சாவூர்
290 நா.மீ. புற ஊதா வெளிச்சம் குறைந்ததுமே, அதைத் தரும் சீரியம் கலந்த லிகாஃப் (ஒரு ஃபுளோரைடு) படிகத்தைக் கழற்றாதீர்கள். அதன் உறவான லிசாஃப் படிகத்தில் பம்ப் (படிகத்துக்கு ஆற்றல் ஏற்றும் வெளிச்சம்) பட்டுப் பட்டு நிறம் ஏறும். லிகாஃப்பில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்னாலேயே, 266 நா.மீ. பம்ப்பில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என்டி:யாக் லேசர் தரும் 1064 நா.மீ., பாதியாகி 532 ஆகி, பிபிஓ என்னும் படிகத்தில் மறுபடி பாதியாகி 266 ஆகிறது. 532 பத்து சதவீதம் குறைந்தால், 266 ஏறத்தாழ 19 சதவீதம் குறையும்; 266 வெளிச்சம் 532-இன் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதே காரணம். 5 மி.ஜூ. பம்ப் 4.05 ஆகிவிடும். லேசர் தொடங்கவே 2 மி.ஜூ. வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மேலே மிஞ்சிய 3, 2.05 ஆகிறது. கடைசியில் 290-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது!

பிபிஓவுக்கு அடுத்து மீட்டரை நேராக வைத்தால் மிச்சமிருக்கும் 532-உம் சேர்ந்து காட்டும். ஒரு நிறத்தைத் திருப்பி மற்றதை விட்டுவிடும் டைக்ரோயிக் கண்ணாடிகள் இரண்டு மூன்றில் பிரித்த பிறகே அளக்க வேண்டும். பிபிஓவில் கோணம் நூலிழை பிசகினாலும் வெளிச்சம் சரியும். பிபிஓவின் சிறு அடுப்பு சூடேறி நிலைக்க அரை மணியாவது விடுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் அது ஆறிவிடாமல் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

திருவாரூர்
சார், கேவிட்டி (லேசரின் இரு முனைக் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூரம்) 25 செ.மீ. இருக்கிறது. எவ்வளவு குறைக்கலாம்?

தஞ்சாவூர்
10 செ.மீ.க்குக் கொண்டு வாருங்கள் தம்பி. ஏற்றிய ஆற்றல் சீரியத்தில் தங்கும் ஆயுள் 25 முதல் 30 நானோநொடி, பம்ப் துடிப்பு ஆறேழு நானோநொடிதான். 25 செ.மீ.யில் ஒரு சுற்றுக்கு 1.7 நானோநொடி, வெளிச்சம் வளர்வதற்குள் பம்ப் முடிந்துவிடும். 10 செ.மீ.யில் 0.67-தான். புரூஸ்டர் கோணத்தில் (வெளிச்சம் தெறிக்காமல் நுழையும் சாய்வில்) வெட்டிய படிகம் என்றால் பூச்சு வேண்டாம், பூச்சு கருகும் தொல்லையும் இல்லை. உள்ளே ஃபியூஸ்டு சிலிக்கா பிரிசம் வைத்துக் கடைசிக் கண்ணாடியைத் திருப்பினால், ஏறத்தாழ 281 முதல் 315 நா.மீ. வரை அலைநீளத்தை மாற்றலாம்.

கும்பகோணம்
சார் சொன்னதோடு நம்மூர்க் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லேசரைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரை 15 டிகிரியில் வைக்கவே கூடாது. அறை 24 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றாலே பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பம்) 16 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும்; குழாய் வியர்த்து, லேசர் தலைக்குள்ளேயே சொட்டும். 20-க்கு மேல் வைத்து, கதவைச் சாத்தியே வையுங்கள். பிபிஓ ஈரத்தை மெதுவாக உறிஞ்சும். 266 தரும் இன்னொரு படிகமான சிஎல்பிஓ அதைவிட மோசம், எப்போதும் 150 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும்.

ரைஸ் மில் பக்கத்தில் இருந்தால் உமிச் சாம்பல் ஜன்னல் இடுக்கு வழியாகவே வரும். அதைவிடக் கெடுதல், கண்ணுக்குத் தெரியாத ஆவி: சிலிகோன் பேஸ்ட், புதுப் பெயின்ட். 266 படும் இடத்தில் அந்த ஆவி பழுப்புப் படலமாக ஒட்டிக்கொள்ளும். பெட்டியை மூடி, உலர்ந்த நைட்ரஜனை மெல்லிசாக விட்டுக்கொண்டே இருங்கள். ஆயுத பூசைக்குச் சாம்பிராணியும் கற்பூரமும் வெளியே காட்டுங்கள். சந்தனம், குங்குமம் பவர் சப்ளை மூடியில் இருக்கட்டும்.

நாகப்பட்டினம்
வடிகால் வாய்க்கால் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று பார்க்க இந்த லேசர் நல்ல துணை. கழிவுநீரில் இருக்கும், டிரிப்டோபன் (ஒரு அமினோ அமிலம்) போன்ற பொருள் 350 நா.மீ. பக்கத்தில் ஒளிரும். தண்ணீரே லேசரைச் சிதறடிப்பதால் எழும் ராமன் கோடும் கூடவே வரும். லேசரின் அலைநீளத்தை மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். 285-இல் ராமன் கோடு 316-க்குப் பக்கம், 295-இல் 328. டிரிப்டோபன் நகராது. நகர்ந்தது தண்ணீர், நின்றது கலப்படம்.

ஒளிர்வை ராமன் உயரத்தால் வகுத்துக் குறியுங்கள். லேசர் ஏறி இறங்கினாலும் கணக்கு கெடாது. புதுத் தண்ணீர் வந்த சமயத்தில் வண்டல் அதிகம், தெளியவிட்டு எடுங்கள். நிறம் கெட்டியான தண்ணீரைப் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து பாருங்கள்; ஒளிர்வும் பாதியாகவில்லை என்றால் இன்னும் நீர்க்க வேண்டும். குவெட் (மாதிரித் தண்ணீர் ஊற்றும் சிறு குடுவை) ஃபியூஸ்டு சிலிக்காவாக இருக்கட்டும், சாதாரணக் கண்ணாடி இந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

திருவாரூர்
நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சைப் பார்க்கவும் இதே போதுமா சார்?

நாகப்பட்டினம்
அதற்கு இது வேண்டாம் தம்பி. என்டி:யாக் லேசரின் 355 நா.மீ. வெளிச்சமே போதும், நீலமாக ஒளிரும். இவ்வளவு செலவு தேவையில்லை.

இன்னொன்று: 266, 290 இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை விசிட்டிங் கார்டு நீலமாக மின்னினால் அங்கே கதிர் இருக்கிறது. பச்சை (532) லேசருக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் இதைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். 266, 290 என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். முழுக்கை, கையுறை கட்டாயம். பட்டால் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து, வெல்டிங் அடித்த கண் மாதிரி மணல் உறுத்தும். அப்படி உறுத்தினால் தேய்க்காமல் கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.