போன சம்பாவின் ரசீது எங்கே இருக்கிறது?

தஞ்சாவூரை அடுத்த ஒரு விவசாயிகள் சங்கத்தில் ஆவணங்களைக் கணினிக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அலுவலகப் பிரிவுகளை அப்படியே கோப்புறைகளாக்கினேன். கணக்கு, காப்பீடு, கொள்முதல், நிலம் என்று தலைப்புகள்; அவற்றின் கீழ் மாவட்டம், வட்டம், ஆண்டு. ஒவ்வோர் ஆவணத்துக்கும் 22 கட்டங்களை நிரப்பினால்தான் பதிவேறும் என்றும் வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆவண வகை என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'இதர' என்றே இருந்தது. பதிவேற்றியவர்களை நான் குறை சொல்லவில்லை. வாசலில் ஆட்கள் காத்திருக்கும்போது 22 கேள்விகளுக்கு யோசித்துப் பதில் எழுத எவராலும் முடியாது.

பிறகு இரண்டு வாரம் பதிவறை வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் சொற்களிலேயே எழுதினேன். "மாயவரம் பக்கம் போன சம்பாவுக்கு இன்சூரன்ஸ் கட்டின ரசீது வேணும்" என்றார் ஒரு பெரியவர். அந்த ஒரு வாக்கியத்தில் இடம், காலம், பொருள், ஆவண வகை ஆகிய நான்கும் இருந்தன; அலுவலகப் பிரிவின் பெயர் மட்டும் இல்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட, நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை, ஒன்றை ஒரே கிளையில் தொங்கவிடாமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது; இடமும் காலமும் அதில் தனித்தனி முகங்கள். நூலகத்துக்காக எழுந்த அந்தச் சிந்தனை எங்கள் ரசீதுகளுக்கும் பொருந்துவதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். கோப்புறை அடுக்கைக் கைவிட்டு, அந்த நான்கையும் மீத்தரவுக் கட்டங்களாக்கினேன், அதாவது ஆவணத்தைப் பற்றிய விவரங்களை நிரப்பும் இடங்களாக்கினேன்.

அதிகம் சிரமப்படுத்தியது காலம். கணக்குப் பிரிவுக்கு ஆண்டு ஏப்ரலில் பிறக்கிறது. கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலுக்குரிய பசலி ஆண்டு, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டு, ஜூலை 1இல் பிறக்கிறது. உழவருக்கோ மேட்டூரில் தண்ணீர் திறந்தால்தான் ஆண்டு. ஆகஸ்டில் விதைத்து ஜனவரியில் அறுத்த ஒரே சம்பாவின் தாள்கள், நாட்காட்டி ஆண்டின்படி இரண்டு கோப்புறைகளில் பிரிந்து கிடந்தன. பசலியை வைத்துக்கொள்ளலாம் என்றால், 2021 ஜூன் கடைசியில் நாற்று விட்ட குறுவை பசலி 1430இல் தொடங்கி 1431இல் அறுவடையானது. ஆகவே ஆவணத்தின் தேதி தனி, பருவம் தனி என்று பிரித்தேன். பருவத்தைப் பட்டியலிலிருந்து 'சம்பா 2021-22' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பசலியையும் நிதியாண்டையும் தேதியிலிருந்து கணினியே கணக்கிட்டுக்கொள்ளும்.

இடமும் எளிதாக இல்லை. சீர்காழி வட்டத்துக் கிராமம் ஒன்றின் தாள்களில், 1991க்கு முன் தஞ்சாவூர் மாவட்டம், அதன்பின் நாகப்பட்டினம், 2020 டிசம்பருக்குப் பின் மயிலாடுதுறை என்று மூன்று மாவட்டங்கள் இருந்தன. வருவாய்க் கிராமத்தை அடிப்படை அலகாக வைத்து, மாவட்டத்தைத் தனி அட்டவணையிலிருந்து எடுக்கும்படி செய்தோம். மாயவரம், மாயூரம் என்று தேடினாலும் மயிலாடுதுறைக்கே போகும். குடந்தை என்றால் கும்பகோணத்துக்கு.

சர்வே எண்ணைக் கோப்பின் பெயரில் வைத்திருந்ததும் பிழை. விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டை ஏற்காது என்பதால் 124/2 என்பதை 124-2 என்று ஒருவரும், 1242 என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். இரண்டாவது எழுத்து வேறொரு நிலத்தையே காட்டிவிடும். சர்வே எண்ணும் உட்பிரிவும் இப்போது தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன. கட்டங்களை முதலில் 'புலம்' என்று நான் பெயரிட்டிருந்ததால், ஊழியர்கள் அதை நிலத்தின் புல எண் என்று எடுத்துக்கொண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். தொழில்நுட்ப அகராதியில் சரியான சொல் எங்கள் ஊர் அலுவலகத்தில் தவறான சொல்லாகிவிட்டது.

இன்று ஊழியர் நிரப்ப வேண்டியவை ஐந்து கட்டங்கள்தாம். ஆவண விவரங்களைப் பதிவதற்கான பன்னாட்டுத் தரமான டப்ளின் கோரின் 15 கூறுகளில்கூட எதுவும் கட்டாயமில்லை என்பதை முன்பே மனத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

*

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நான் பட்டுக்கோட்டைப் பகுதியில் ஒரு தொண்டு அமைப்பின் ஆவணங்களைக் கவனித்துவந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு வந்த மனுக்களை, 'இயற்கைப் பேரிடர் நிவாரணம்' என்ற தலைப்பில் முறைப்படி பதிந்துவைத்தோம். ஆனால் தேடி வந்த எவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எல்லோரும் 'கஜா' என்றே கேட்டார்கள். அலுவலகத்திலும் சிலர் 'புயல்' என்றும், சிலர் 'தென்னை இழப்பீடு' என்றும் தாமாகவே குறிச்சொற்கள் சேர்த்திருந்ததால், ஒரே குடும்பத்தின் மனு ஓரிடத்திலும் அதனுடன் தந்த மரக் கணக்கு வேறிடத்திலும் இருந்தன. நிகழ்வு என்று தனிக் கட்டம் வைத்து, அதற்குரிய பெயர்களை ஒருவர் மட்டுமே சேர்க்கலாம் என்று வரையறுத்த பின்தான் அவை ஒன்றுசேர்ந்தன.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். அந்த மனுக்களில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்ற இரண்டு கட்டங்களையும் நாங்கள் மிகத் தாமதமாகவே சேர்த்தோம். அதற்குள் எல்லாத் தாள்களும் எல்லோருக்கும் திறந்திருந்தன. உங்கள் ஐந்து கட்டங்களில் அவற்றுக்கு இடம் இருக்கிறதா, அல்லது ஆவண வகையைத் தேர்ந்தெடுத்தவுடன் கணினியே அவற்றை நிரப்பிக்கொள்கிறதா?