லஞ்சப் பணம் என்று ஊருக்கே தெரிந்த காணிக்கையைக் கோயிலுக்கு வாங்கலாமா?

கோயில் கணக்கன்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் நான் பொருளாளர். ஊர் பெயர் வேண்டாம், விஷயம் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கோயில் கோபுரத்தில் விரிசல். மழை பெய்தால் மணிக்கயிறு வழியாகவே தண்ணீர் இறங்குகிறது. பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் சரி பண்ணிவிடலாம் என்று சபையில் அறிவிப்புக் கொடுத்தோம். பீடி சுற்றுகிறவர்களும் விவசாயிகளும் இருக்கிற ஊர், ஐந்நூறும் ஆயிரமுமாக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆள் விட்டார். 5 லட்சம் அவரே தருகிறாராம்.

அவர் எங்கள் சபையார்தான். ஞாயிறு தவறமாட்டார், உட்காருவதும் முன்வரிசையில்தான். பணியில் இருந்த காலத்தில் இந்த வட்டாரத்தில் நிலம் வாங்கியவர், விற்றவர், பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதியவர் யாரும் அவரைத் தாண்டிப் போனதில்லை. கையில் ஒரு பைசா வாங்கமாட்டார். பத்திர எழுத்தர் துண்டுச் சீட்டில் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், தன்னுடைய எழுத்துக்கூலி எல்லாம் போட்டுவிட்டு, அடியில் ‘ஆபீஸ் செலவு’ என்று ஒரு வரி எழுதுவார். மற்றதற்கெல்லாம் ரசீது உண்டு, அந்த வரிக்கு மட்டும் கிடையாது. தரமாட்டேன் என்றால் தாய்ப்பத்திரத்தில் இனிஷியல் சரியில்லை, வில்லங்கம் இன்னும் பத்து வருஷம் பின்னால் போட்டு எடுத்து வா என்று பத்திரம் நிற்கும். சாயங்காலம் கணக்கு முடிப்பார்கள். 2018-ல் பதிவுத்துறைக்கு ஸ்டார் 2.0 என்ற மென்பொருள் வந்து டோக்கன், கட்டணம் எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் ஆன்லைனுக்குப் போகவில்லை.

இப்போது தருகிற 5 லட்சமும் ரொக்கம். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2017-ல் இருந்தே வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன். “அதுக்கென்ன, மருமகன் பேர்ல ஒண்ணு, சம்பந்தி பேர்ல ஒண்ணுன்னு பிரிச்சு ரசீது போடுங்க அண்ணாச்சி” என்கிறார். வாசலில் கல்வெட்டும் வைக்க வேண்டுமாம்.

கமிட்டியில் பாதிப் பேர், “கேஸ் ஒண்ணும் இல்லையே, நியாயந்தீர்க்க நாம யாரு?” என்கிறார்கள். ஐயரவர்கள், எங்கள் சபைப் போதகர், ஜெபிப்போம் என்கிறார். ரசீதில் கையெழுத்துப் போடுகிறவன் நான். வேதப்படி இதற்கு என்ன சொல்ல?

பழைய போதகர்:

மத்தேயு 27-ஐ எடுத்துப் பாருங்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போகிறான். பிரதான ஆசாரியர்கள் உடனே சட்டம் பேசுகிறார்கள்: இது இரத்தக்கிரயம், காணிக்கைப்பெட்டியில் போடலாகாது. அந்தக் காசை அவனுக்குக் கொடுத்ததே அவர்கள்தான்! கொடுக்கும்போது உறுத்தாத மனசு பெட்டிக்குத் திரும்ப வரும்போதுதான் உறுத்துகிறது. கடைசியில் குயவன் நிலத்தை வாங்கி அந்நியரை அடக்கம்பண்ண விடுகிறார்கள். தர்ம காரியம்தான். அதற்காக அவர்கள் செய்தது சரியாகிவிட்டதா?

உங்கள் விஷயத்துக்கு இதைவிட நேராகப் பதில் தருவது எண்ணாகமம் 5. ஒருவன் அயலானுக்குத் தீங்கு செய்திருந்தால் அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குத் தீங்கு செய்தானோ அவனிடமே கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள அவனும் இல்லை, உறவினனும் இல்லை என்றால்தான் அது ஆசாரியனுக்குப் போகும். உங்கள் சபையில் அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் உயிரோடு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோயிலுக்கு இன்னும் முறை வரவில்லை.

நியாயந்தீர்க்க நாம் யார் என்று கேட்கிற அண்ணாச்சிமாருக்கு ஒன்று: அவர் ஆத்துமாவை யாரும் நியாயந்தீர்க்கச் சொல்லவில்லை. பொய் ரசீது போடலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஜெபிக்கவே வேண்டியதில்லை.

மதுரைக்காரன்:

போதகர் ஐயா சொல்வது சரி, ஆனால் சபைகள் அப்படி நடந்துகொண்டதில்லை. 1816-ல் யாழ்ப்பாணத்திலும் 1834-ல் மதுரையிலும் ஊழியம் தொடங்கிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி சங்கத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1905-ல் அந்தப் போர்டுக்கு ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய்க் கம்பெனியின் முதலாளி ராக்ஃபெல்லர் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். அந்தக் கம்பெனி ரயில்வே கம்பெனிகளிடம் ரகசியச் சலுகை வாங்கிச் சின்ன வியாபாரிகளை நசுக்கிய கதை பத்திரிகைகளில் நாறிக்கொண்டிருந்த நேரம். வாஷிங்டன் கிளாடன் என்ற போதகர், அந்தப் போர்டு சார்ந்திருந்த அதே காங்கிரிகேஷனல் சபைப் பிரிவுக்காரர். இது கறைபட்ட பணம், தொடாதீர்கள் என்று எதிர்த்து நின்றார். இதில் வேடிக்கை, பணம் தானாக வந்ததல்ல, போர்டுதான் போய்க் கேட்டிருக்கிறது என்பது அப்புறம் தெரியவந்தது. ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதனால் நானும் கொஞ்சம் நடைமுறையாகத்தான் சொல்வேன். நோட்டுக்கு நோட்டு ஆராய்ந்தால் காணிக்கைப் பை காலியாகத்தான் திரும்பும். கந்துவட்டிக்காரர் போடுவதில்லையா, கமிஷன் அடிக்கிற காண்டிராக்டர் போடுவதில்லையா? செக்காக, அவர் பெயரிலேயே வாங்குங்கள். கல்வெட்டு மட்டும் கூடாது. பெரிய தொகையை வாங்கிக்கொண்ட சபைக்கு அந்த ஆளைப் பற்றி வாய் திறக்க முடியாது என்பதுதான் கிளாடனின் கவலை, அது நியாயமானது. நாளைக்கு உங்கள் ஐயர் லஞ்சத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ண எழுந்தால் வாசல் கல்வெட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தாலுகா ஆபீஸ்:

நான் வருவாய்த்துறையில் வேலை பார்க்கிறேன், சர்வீஸில் இருக்கிற கிறிஸ்தவன். உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

கையில் ஏன் வாங்குவதில்லை என்றால், லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் போனால் நோட்டில் பினாப்தலின் பொடி தடவிக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கின கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். அதனால்தான் நடுவில் எழுத்தர், புரோக்கர், டீக்கடைக்காரர்.

வாங்காமல் இருப்பதுகூடப் பெரிய கஷ்டமில்லை. பங்கை வேண்டாம் என்பதுதான் கஷ்டம். வார முடிவில் கவர் மேசை டிராயருக்கு வரும். எடுக்காவிட்டால் இவன் போட்டுக்கொடுத்துவிடுவான் என்று பயப்படுவார்கள். என்னைப் பிடிக்காமல் தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம் என்று அலையவிட்டார்கள், அது பரவாயில்லை. சபையில் நடந்ததுதான் வலித்தது. எங்கள் ஊரில் ஒரு அம்மா சாட்சி சொன்னார்: “என் மகனுக்கு ஆண்டவர் பசையான சீட்டு கொடுத்திருக்கார்.” எல்லாரும் அல்லேலூயா என்றார்கள்.

லூக்கா 3-ல் ஆயக்காரர், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், ஞானஸ்நானம் பெற வருகிறார்கள். வேலையை விட்டுவிடு என்று யோவான் ஸ்நானகன் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதே, அவ்வளவுதான். அந்த ‘அதிகம்’தான் அண்ணாச்சி சொன்ன ரசீதில்லாத வரி.

கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபின் லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம், 7 வருஷம் வரை தண்டனை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும், கொடுத்தால் குற்றமில்லை. ரோம ஆளுநர் பேலிக்ஸ் பணம் கிடைக்கும் என்று பவுலை அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான். பவுல் கொடுக்கவில்லை, இரண்டு வருஷம் காவலிலேயே கிடந்தார். அதை எல்லாரிடமும் எதிர்பார்க்க எனக்கு மனசு வரவில்லை. மகளுக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டு நிலத்தை விற்க வந்து நிற்கிறவனிடம் என்ன சொல்வீர்கள்?

சாந்தியின் மகள்:

எங்கள் ஊர் வேறு, கதை அதேதான். அப்பா இறந்தபின் சித்தப்பாவோடு பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டோம். அரை ஏக்கர், கிணற்றில் பங்கு, ஒரு ஓட்டு வீடு. ஆபீஸ் செலவு என்று எட்டாயிரம் கேட்டார்கள். அம்மா பீடி சுற்றிச் சேர்த்துச் செய்த செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துத்தான் கொடுத்தோம். அதை மீட்க முடியவில்லை. ஏலத்துக்குப் போகும் முன்னால் விற்று வட்டியைக் கட்டினோம். அந்த அதிகாரியும் கோயிலுக்குப் போகிறவர்தான், எங்களிடம் பேசும்போது தங்கச்சி தங்கச்சி என்றுதான் பேசினார்.

மதுரைக்கார அண்ணன் நோட்டுக்கு நோட்டு ஆராய முடியாது என்கிறார். இந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று ஆராயவே வேண்டாமே, கொடுத்தவர்களுக்குத் தெரியும். ஆயக்காரனான சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குத் தருகிறேன் என்றான், அநியாயமாய் வாங்கினவர்களுக்கு நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். தேவாலயத்துக்கு ஒரு காசு தருவதாகச் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு இன்றைக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்கு அப்புறம்தான்.

உங்கள் கோபுரம் ஆயிரம் ஆயிரமாகவே ஏறட்டும் ஐயா. எட்டாயிரத்தைப் பறிகொடுத்தவள் ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவர் பெயரை வாசித்துவிட்டா உள்ளே போக வேண்டும்?

கோயில் கணக்கன்:

எல்லோருக்கும் நன்றி. ஐயரவர்களும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். பிரித்து ரசீது கிடையாது, கல்வெட்டு கிடையாது என்றேன். “அப்போ நான் குடுத்தது யாருக்குத் தெரியும்?” என்றார். ஐயரவர்கள் மெதுவாக எண்ணாகமத்தை எடுத்தார், பரவாயில்லை, நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்குக் கோபம். “யாருகிட்டப் போய்க் குடுக்க? பேரா எழுதி வச்சிருக்கேன்?” அடுக்களைக்குள் இருந்து அவர் வீட்டம்மா, எங்கள் தெருவில் இரண்டு பேரைச் சொன்னார்கள். அப்புறம் காப்பி வந்தது, யாரும் பேசவில்லை.

கமிட்டியில் இன்னும் இழுபறிதான். செயலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு சந்தேகம்: அந்த இரண்டு பேருக்காவது திருப்பிக் கொடுக்க அவர் சம்மதித்தால், சபை வாங்கிக் கொடுக்கலாமா, அவரே போக வேண்டுமா?

பழைய போதகர்:

அவரே போகட்டும். வெட்கமாக இருந்தால் ஐயர் கூடப் போகலாம். உங்கள் ரசீதுப் புத்தகம் இதற்குள் வரவே கூடாது, வந்தால் வருமான வரிக்காரருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அம்மாவிடம் இன்னும் யாரையெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று ஐயர் தனியாகக் கேட்டுப் பார்க்கட்டும்.