முக்கால் மணி ஓடியதும் இடது எஞ்சின் வேகம் இறங்கிவிடுகிறது: விருந்தினர் ஏற்றும் ஃபைபர் படகு, உதவி தேவை

கேட்பவர்: தேங்காய்த்திட்டு மகள்

வணக்கம். புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது குடும்பத் தொழில். அப்பா படகை ஓட்டுவார். தூண்டில், நங்கூரம் எல்லாம் தம்பி பொறுப்பு. அம்மா சாப்பாடு கட்டிக் கொடுப்பார். முன்பதிவும் கணக்கும் என்னிடம். பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருகிறவர்களை ஐந்து ஐந்து பேராகக் கூட்டிப்போகிறோம். நிறைய பேர் பிள்ளைகளோடு வருவார்கள்.

படகு 28 அடி ஃபைபர். இரண்டு 60 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்). தரைப்பலகைக்குக் கீழே எஞ்சினுக்கொன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க், இடது எஞ்சினுக்கு இடது டேங்க். மழைக்கு முன் அக்டோபர் கடைசியில் கரையேற்றி, ஜனவரி முதல் வாரம் இறக்கினோம். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை.

புறப்படும்போது இரண்டும் 5000 ஆர்.பி.எம்.மில் ஒன்றாக ஓடும். முக்கால் மணி ஆனதும் இடது எஞ்சின் மெதுவாக இறங்கி 3000-க்கு வந்து நிற்கும். அலாரம் அடிப்பதில்லை, விளக்கும் எரிவதில்லை. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் தெளிந்துவிடும். வேகம் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும் ட்ரோலிங் வேகத்தில் நாள் முழுக்க எந்தக் குறையும் இல்லை.

பிளக், எஞ்சின் மேலுள்ள ஃபில்டர், தண்ணீர் பம்ப் இம்பெல்லர் மூன்றையும் மாற்றியாயிற்று. கடைசியாகப் பார்த்த மெக்கானிக், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அதன் விலை எங்களுக்கு இரண்டு மாத வருமானம்.

போன ஞாயிறு 14 கடல் மைல் வெளியே இருந்தோம். அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பெண் குழந்தை என ஒரு குடும்பம். திரும்பக் கிளம்பும் நேரத்தில் வாடைக்காற்று ஏறிவிட்டது. இடது எஞ்சின் முதலில் இறங்கி, அப்புறம் அணைந்தேவிட்டது. ஒற்றை எஞ்சினில் ஆறு நாட் வேகத்தில் இரண்டேகால் மணி நேரம் அலையில் வந்தோம். அந்தக் குழந்தை வழியெல்லாம் வாந்தி எடுத்தது. எங்கள் அப்பா கரைக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறுக்கும் முன்பதிவு இருக்கிறது. பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா? இன்னொரு ஒற்றை எஞ்சின் பயணத்துக்கு நான் யாரையும் ஏற்ற மாட்டேன்.

---

கோவளம் அவுட்போர்டு மெக்கானிக்

தங்கச்சி, பெட்டியை வாங்காதீங்க. கம்ப்யூட்டர் பெட்டி கெட்டால் ஐந்து நிமிட ஓய்வில் தெளிஞ்சு, மறுபடி அதே மாதிரி மெதுவா இறங்குறது ரொம்ப அபூர்வம். சூடேறி வேகம் குறைஞ்சிருந்தா அலாரம் கத்தியிருக்கும். அலாரம் இல்லை, குறைந்த வேகத்தில் குறையில்லை, ஓய்வு கொடுத்தா சரியாகுது. இது பெட்ரோல் போதாமல் பட்டினி கிடக்கும் எஞ்சின்.

மூணு விஷயம் சொல்லுங்க. டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கையால் அழுத்துற ரப்பர் பல்பு இருக்குமே, வேகம் இறங்குற நேரத்தில் அது எப்படி இருக்கு? சப்பிப்போயிருந்தா அடைப்பு பல்புக்குப் பின்னால, டேங்க் பக்கம். குண்டா கெட்டியா இருந்தா எஞ்சின் பக்கம். லேசா இருந்து, நீங்க அழுத்தினதும் வேகம் ஏறுதுன்னா எஞ்சினில் உள்ள பம்ப் பலவீனம், இல்லைன்னா எங்கேயோ காற்று இழுக்குது.

ரெண்டாவது, தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் தனியா வைச்சிருக்கீங்களா? மூணாவது, படகு கரையில் நின்ன ரெண்டு மாசம் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது?

---

தேங்காய்த்திட்டு மகள்

அண்ணா, பல்பை யாரும் பார்க்கவில்லை. பிரிக்கும் ஃபில்டர் இரண்டு பக்கமும் இருக்கிறது. இடது டேங்க் பாதி அளவில் நின்றது. இன்னொன்று: படகில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று அம்மா ஜனவரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது என்று தம்பியும் சொன்னான். வெயில் சூடு என்று விட்டுவிட்டோம்.

---

கோவளம் அவுட்போர்டு மெக்கானிக்

அம்மா சொன்னதுதான் விடை. அவங்க மூக்கை நம்பியிருந்தா இம்பெல்லர் காசு மிச்சம்.

டேங்குக்கு ஒரு காற்றுக்குழாய் உண்டு, அது படகு ஓரத்தில் வெளியே திறக்கும். 60 ஹெச்.பி. எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும். வெளியே போகும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் ஒரு லிட்டர் காற்று உள்ளே வரணும். குழாய் அடைச்சிருந்தா டேங்குக்குள் வெற்றிடம் ஏறிக்கிட்டே போகும், கடைசியில் பம்பால இழுக்க முடியாது. ஐடிலில் விட்டா கசிவு வழியா காற்று மெல்ல நுழையும், எஞ்சின் தெளியும். டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தா காற்று இடம் கம்மி, வெற்றிடம் சீக்கிரம் ஏறும். நிறுத்தி வைச்சு வெயில் ஏறினா இதே அடைப்பு தலைகீழா வேலை செய்யும்: ஆவி வெளியே போக வழியில்லாம அழுத்தம் ஏறி, டேங்க் மேலுள்ள பெட்ரோல் அளவுமானியின் வாஷர் வழியா தரைக்குக் கீழே கசியும். குழந்தைக்கு வாந்தி வந்ததில் அலையோட அந்த வாடைக்கும் பங்கு இருக்கும்.

இதை அலட்சியமா நினைக்காதீங்க. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரைக்குக் கீழே தேங்கும். பேட்டரி ஸ்விட்சில் ஒரு பொறி போதும். பலகையைத் தூக்கி நல்லா காற்றோட விட்டுட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க.

விருந்தினர் இல்லாம ஒருநாள் போங்க. கரையிலிருந்து மூணு மைலுக்குள். வேகம் இறங்கினதும் பல்பைத் தொட்டுப் பாருங்க. அப்புறம் எஞ்சினை அணைச்சுட்டு, பீடி சிகரெட் பக்கத்துல இல்லாம, இடது டேங்க் மூடியைத் திறங்க. உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டா குழாய் அடைப்பு உறுதி. மூடியைத் திறந்து வைச்சே ஓட்டிக்கலாம்னு மட்டும் நினைக்கவே கூடாது.

---

திருமலைப் போட்காரன்

தங்கச்சி, நான் திருகோணமலை. எங்கட போட்டிலும் இதே தொல்லைதான். நாலு மாதம் கரையில கிடந்த போட், காற்றுக் குழாயின்ர வாய்க்குள்ள குளவி மண் வைச்சுக் கூடு கட்டியிருந்தது. வெளியில பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு விரல் ஆழத்தில இருந்தது. கம்பி விட்டுக் குத்தாதேங்கோ, மண் டேங்குக்குள்ள விழும். குழாயை டேங்க் பக்கம் கழற்றி, அங்கேயிருந்து வெளிப்பக்கமா ஊதுங்கோ.

---

வார இறுதித் தூண்டில்காரர், சென்னை

எஞ்சின் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளைகளோடு இப்படிப் படகில் போகிற அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகளோடு வரும் குடும்பத்தை 14 மைலுக்குக் கூட்டிப்போக வேண்டியதே இல்லை. மயில் மீனும் பெரிய வஞ்சிரமும் எங்களைப் போன்றவர்களின் ஆசை. என் மகனுக்கு ஐந்து மைலில், தன் கையால் இழுத்த ஒரு சங்கரா போதும். நான்கு மணி நேரப் பயணம் என்று தனியாக ஒன்று வையுங்கள். விடிகாலையில் போய், காற்று ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

வாந்தி மாத்திரை ஏறுவதற்கு முன் போட்டால்தான் பயன். குழந்தைக்கு என்ன மாத்திரை, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு வரும்படி முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடும் வரக்கூடாது, பூரி தின்றும் வரக்கூடாது, இரண்டு இட்லி சரியாக இருக்கும். குழந்தையைப் படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்காரவைத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்முனையில் தூக்கிப்போடும்.

அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

---

தேங்காய்த்திட்டு மகள்

அன்றே முழுப் பணமும் கொடுத்தோம். அவர்கள் பாதி போதும் என்றார்கள், அப்பா கேட்கவில்லை.

இன்று நானும் அப்பாவும் தம்பியும் மட்டும் போய்ப் பார்த்தோம். 40 நிமிடத்தில் இடது இறங்கியது. பல்பு அப்பளம் மாதிரி சப்பியிருந்தது. அணைத்துவிட்டு மூடியைத் திறந்தோம், ஐந்து நொடி உள்ளே இழுத்தது. கரைக்கு வந்து குழாயைக் கழற்றினால் திருமலை அண்ணன் சொன்னதேதான். காய்ந்த மண் கட்டி, உள்ளே குளவிப் புழுவின் கூடு. ஊதியதும் வெளியே வந்து விழுந்தது.

மறுபடி போனோம். அணையவில்லை, 3000-க்கும் இறங்கவில்லை. ஆனால் 4300-க்கு மேல் ஏற மறுக்கிறது. பல்பு இன்னும் கொஞ்சம் சப்புகிறது.

---

கோவளம் அவுட்போர்டு மெக்கானிக்

பாதி ஜெயிச்சாச்சு. மிச்சம் பெட்ரோல் வர்ற குழாயில் இருக்கும். அது என்ன குழாய், எத்தனை வருஷம்? இப்போ பம்பில் வர்ற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதுக்கு ஏற்காத பழைய ரப்பர் குழாயின் உள்தோல் உரிஞ்சு, இழுக்கிறப்போ மடங்கி வழியை அடைக்கும். வெளியே புதுசு மாதிரிதான் தெரியும். இத்தனை நாள் வெற்றிடத்தில் இழுத்ததும் சேர்ந்து அதைக் கெடுத்திருக்கலாம். டேங்கிலிருந்து எஞ்சின்வரை மொத்தமா மாத்துங்க, பல்போட சேர்த்து. எத்தனால் தாங்கும்னு குழாய் மேலேயே அச்சிட்டதா பார்த்து வாங்குங்க.

உறுதி பண்ணணும்னா செலவில்லாத வழி இருக்கு: 25 லிட்டர் தனி டேங்க் ஒண்ணை நல்ல குழாயோட நேரா எஞ்சினில் மாட்டி ஓட்டுங்க. 5000 வந்தா எஞ்சின் மேல குற்றமே இல்லை.

அப்புறம் பிரிக்கும் ஃபில்டரில் இருக்கிறதைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கி அரை மணி வைச்சுப் பாருங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் ரெண்டு மாசம் மழைக்காலத்துல நின்னிருக்கு. அடியில் தனி அடுக்கு தெரிஞ்சா மருந்து ஊத்தி சரி பண்ண முடியாது, மொத்தமா இறக்கணும். அதைக் கடலிலோ முகத்துவாரத்திலோ கொட்டாதீங்க.

---

தூத்துக்குடி கடலாடி

ஒற்றை எஞ்சினில் திரும்பின அன்று யாரிடமாவது சொன்னீர்களா? எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு எஞ்சின் நின்ற நிமிடமே வி.ஹெச்.எஃப். ரேடியோவில் பக்கத்துப் படகுக்கும் கரைக்கும் இடம், ஆட்கள் எண்ணிக்கை சொல்லிவிடுவோம். ஆபத்து வந்தபிறகு கூப்பிட சேனல் 16. போன் கிடைக்கும் தூரமென்றால் கடலோரக் காவல்படையின் 1554. விருந்தினர் கேட்டு பயந்துவிடுவார்களே என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். என் அனுபவத்தில், படகோட்டி பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

பெட்ரோல் கணக்கு மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவைக்காமல். ஒற்றை எஞ்சினில் இழுத்து வரும்போது அந்த மூன்றாம் பங்குதான் கரை சேர்க்கும். இடது டேங்கிலிருந்து வலது எஞ்சினுக்கு எடுக்க ஒரு மாற்று வால்வும் வையுங்கள்.

இன்னொன்று, காப்பீட்டுத் தாளை எடுத்துப் படியுங்கள். மீன்பிடிப் படகு என்று பதிந்ததில் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுவது அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

---

தேங்காய்த்திட்டு மகள்

அன்று யாருக்கும் சொல்லவில்லை அண்ணா. அப்பாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். "சொல்லியிருக்கணும்" என்றார். காப்பீட்டுக் கேள்வியைக் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறோம். அது கைக்கு வரும்வரை யாரையும் ஏற்றுவதில்லை என்று முடிவு. ஞாயிறு முன்பதிவை ரத்து செய்து, காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

குழாயை வெட்டிப் பார்த்தோம். உள்தோல் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து தொங்கியது. இரண்டு பக்கமும் மாற்றிவிட்டோம். பாட்டிலில் அடியில் மெல்லிய அடுக்கு தெரிந்தது. இடது டேங்கில் இருந்த பெட்ரோலை முழுதாக இறக்கி கேனில் மூடி வைத்திருக்கிறோம். அளவுமானி வாஷரும் புதிது. அம்மா படகில் ஏறி முகர்ந்து பார்த்து, வாடை இல்லை என்றபிறகுதான் பலகையை மூடினோம்.

நேற்று ஒரு மணி பத்து நிமிடம் விடாமல் ஓட்டினோம். இரண்டும் 5000. பல்பு குண்டாகவே இருந்தது.

---

கோவளம் அவுட்போர்டு மெக்கானிக்

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. காற்றுக்குழாய் வாய் ரெண்டுக்கும் துருப்பிடிக்காத சன்னக் கம்பிவலை கட்டுங்க. உப்பு படிஞ்சா வலையே அடைச்சிடும், மாசம் ஒருதரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவணும். அடுத்த மழைக்குக் கரையேற்றும்போது டேங்கைக் காலி பண்ணிட்டு ஏத்துங்க.

---

தேங்காய்த்திட்டு மகள்

வலை கட்டியாயிற்று அண்ணா. கழுவும் தேதியை முன்பதிவு நோட்டிலேயே எழுதிவிட்டேன். குழந்தைகளுக்கு ஐந்து மைல், நான்கு மணி நேரம் என்று தனிப் பயணமும் வைக்கப்போகிறோம். காப்பீட்டுப் பதில் வந்ததும் அந்த ஒன்பது வயதுப் பெண்ணின் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்வேன். வருவார்களா தெரியாது. என்ன பழுது, எப்படிச் சரியானது என்பதை மட்டுமாவது அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.