சேம்பரில் தோட்டா ஏற்றி வைத்துக்கொண்டு வெளியே போவதா, காலியாகவா?

கதிர்_ஹூஸ்டன்:
வணக்கம். கிரீன் கார்டு வந்தபிறகு கிளாக் 19 கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினேன். டெக்சாசில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம் என்றாலும் வகுப்புக்குப் போய் அதற்கான உரிமமான எல்டிசி வாங்கிவிட்டேன். அதற்குமுன் நான் சுட்டது காலேஜில் என்சிசி கேம்ப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு சுட்ட .22 ரைஃபிள் மட்டும்தான். இப்போது மேகசின் (பிடிக்குள் செருகுகிற தோட்டா டப்பா) நிறையத் தோட்டா, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கிற, குழலின் பின்பக்க இடம்) காலி, இப்படித்தான் சட்டைக்கு உள்ளே இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறேன். ரேஞ்சில் பழக்கமான ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு "இதற்கு நீ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமே" என்று சிரிக்கிறார். வீட்டிலோ நேர் எதிர்: மூன்று வயதுப் பையன் ஓடி விளையாடுகிற இடத்தில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியா என்று மனைவி கேட்கிறாள். கிளாக்கில் கட்டைவிரலால் போடுகிற சேஃப்டிகூடக் கிடையாது, டிரிகரை இழுத்தால் வெடிக்கும், அவ்வளவுதான். தேவைப்பட்டால் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டுத் தோட்டாவைச் சேம்பரில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? நீங்கள் எல்லாம் எப்படி வைத்திருக்கிறீர்கள்? துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து வேறு திரி தொடங்குங்கள்.

பழைய_ரிவால்வர்:
தம்பி, ஸ்லைடை இழுக்க நேரம் ஆகாது, கை இரண்டும் சும்மா இருந்தால். பெட்ரோல் பங்கில் ராத்திரி ஒருவன் மேலே பாய்கிறான் என்று வை, உன் இடது கை என்ன செய்துகொண்டிருக்கும்? அவனைத் தள்ளிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் பையனைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும். சால்ட் லேக் சிட்டி போலீசில் பயிற்சி கொடுத்த டென்னிஸ் டூலர் 1983ல் எழுதியது இன்னும் எல்லா வகுப்பிலும் ஓடுகிறது: 21 அடி தள்ளி நிற்கிறவன் கத்தியோடு ஓடிவந்தால் ஒன்றரை விநாடியில் உன் மேலே இருப்பான். அந்த ஒன்றரை விநாடிக்குள் சட்டையைத் தூக்கி, உருவி, நடுங்குகிற கையால் ஸ்லைடையும் முழுசாக இழுத்து விடவேண்டும். பாதி இழுத்தால் தோட்டா மாட்டிக்கொள்ளும், அப்புறம் கையில் இருப்பது வெறும் இரும்பு. இங்கே போலீஸ்காரர்கள் எல்லோரும் சேம்பரில் தோட்டாவோடுதான் போகிறார்கள்.

அந்தக் காலத்து கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வரில் ஆறு இடம் இருந்தும் ஐந்துதான் போடுவார்கள், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கிற ஹேமருக்கு அடியில் காலி. கீழே விழுந்தால் வெடித்துவிடும் என்ற நிஜமான காரணம் அதற்கு இருந்தது. உன் கிளாக்கில் டிரிகரை அழுத்தாதவரை, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கிற ஃபயரிங் பின்னை ஒரு துண்டு இரும்பு உள்ளேயே தடுத்து நிறுத்தியிருக்கிறது. எறிந்தாலும் வெடிக்காது.

நைட்_ஷிஃப்ட்:
எமர்ஜென்சி வார்டில் வேலை செய்கிறவளாக எதிர்ப்பக்கம் பேசுகிறேன். தன் துப்பாக்கியால் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாகிவிட்டது, ஒவ்வொருவரும் "தானாக வெடித்தது" என்றுதான் சொல்கிறார்கள். 2008ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஃபுட்பால் வீரர் பிளாக்ஸிகோ பர்ரஸ் இரவு விடுதியில் இடுப்பிலிருந்து நழுவிய கிளாக்கைப் பிடிக்கப்போய்த் தொடையில் சுட்டுக்கொண்டார், அந்த ஊரில் உரிமமும் இல்லாததால் இரண்டு வருடம் சிறை. கத்தியோடு ஒருவன் 21 அடியில் நிற்பது கதிர் வாழ்க்கையில் ஒருமுறையாவது நடக்குமா தெரியாது, அவர் காரில் ஏறி இறங்குவதும் டாய்லெட் போவதும் பையனைத் தூக்குவதும் தினமும் நடக்கும். இஸ்ரேல்காரர்கள் சேம்பரைக் காலியாக வைத்துத்தான் பழகினார்கள், அதற்கென்றே பயிற்சியும் உண்டு. புதிதாக வாங்கியவர், வீட்டில் சின்னக் குழந்தை. கை நன்றாகப் பழகும்வரை காலியாகவே இருக்கட்டுமே, என்ன குடிமுழுகிவிடும்?

ஆஸ்டின்_முரளி:
மேடம், பர்ரஸ் துப்பாக்கியை எதில் வைத்திருந்தார்? ஸ்வெட்பேண்ட் இடுப்புப் பட்டியில், ஹோல்ஸ்டரே (துப்பாக்கி உறை) இல்லாமல்! 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடன் வால்மார்ட்டில் இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்த அம்மாவே இறந்துபோனார், அதுவும் உடம்பில் மாட்டாமல் பையில் வைத்தது. டிரிகரைச் சுற்றியிருக்கிற வளையத்தை, அதாவது டிரிகர் கார்டை, முழுக்க மூடுகிற கெட்டியான கைடெக்ஸ் (ஒருவகை பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் இருந்தால் விரலோ துணியோ உள்ளே நுழைய வழியில்லை. மெத்து மெத்தென்ற துணி ஹோல்ஸ்டர், பர்ஸ், பேண்ட் பாக்கெட் இதில் எல்லாம் வைப்பதாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி, சேம்பர் காலியாகவே இருக்கட்டும்.

குழந்தை விஷயத்தில் காலி சேம்பரை நம்பவே கூடாது, கதிர். 17 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை கைக்கு எட்டும்படி அஜாக்கிரதையாகத் துப்பாக்கி வைப்பது டெக்சாசில் குற்றம், அந்தச் சட்டத்திலேயே "சேம்பரில் தோட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்றுதான் இருக்கிறது. மூன்று வயதுப் பையனால் இன்றைக்கு ஸ்லைடை இழுக்க முடியாது. ஏழு வயதில் இழுப்பான். இடுப்பில் இல்லாத நேரம் பூட்டிய சேஃப், வேறு பேச்சே இல்லை.

இன்னொன்று, தினமும் ராத்திரி தோட்டாவை எடுத்துக் காலையில் ஏற்றுகிற வேலை வேண்டாம். மேகசினைக் கழற்றிவிட்டு சேம்பரை மறந்து டிரிகரை இழுக்கிற கதை அங்கேதான் நடக்கிறது. தவிர, ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் முனை மோதி மோதி ஈயக்குண்டு பித்தளைக் குப்பிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சுடும்போது உள்ளே அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குட்டையாகிவிட்டது கண்ணுக்கே தெரியும். ஹோல்ஸ்டரோடு கழற்றி அப்படியே சேஃபில் வைத்துப் பூட்டுங்கள்.

கதிர்_ஹூஸ்டன்:
இது எல்லாம் புரிகிறது முரளி, ஆனால் மனசு ஒப்பவேண்டுமே. குனியும்போது அது எதை நோக்கி இருக்கிறது என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது.

பழைய_ரிவால்வர்:
அதற்கு வழி இருக்கிறது. தோட்டா ஒன்றுகூட இல்லாமல், மேகசினைக் கழற்றியாயிற்று, சேம்பரும் காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடு. கிளாக்கில் டிரிகர் முன்னால் வந்து நிற்கும். அப்படியே ஹோல்ஸ்டரில் போட்டு நாள் முழுக்க வீட்டில் மாட்டிக்கொள். குனி, நிமிர், பையனைத் தூக்கு, கார் பெல்ட் போடு. படுக்கும்போது எடுத்துப் பார், ஏதாவது டிரிகரை அழுத்தியிருந்தால் அது பின்னாலேயே நிற்கும். ஒரு மாதம் இப்படிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய். ஹோல்ஸ்டருக்குள் திரும்பப் போடுவதுதான் ஆபத்தான நேரம், சட்டை நுனி சுருண்டு உள்ளே போகும், அவசரமே படாமல் பார்த்துப் போடு.

இதெல்லாம் கிளாக்குக்குச் சொன்னது. எல்லாத் துப்பாக்கியும் ஒன்று என்று நினைக்காதே. சிக் பி320 என்ற கைத்துப்பாக்கி ஒரு கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று தெரிந்து 2017ல் கம்பெனியே உள்பாகங்களை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தது.

நைட்_ஷிஃப்ட்:
இந்த ஒரு மாத யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. என்ன ஹோல்ஸ்டர் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லையே கதிர்?

கதிர்_ஹூஸ்டன்:
ஆன்லைனில் வாங்கிய துணி ஹோல்ஸ்டர்தான் மேடம். சரி, சரி, திட்டாதீர்கள். கைடெக்ஸ் எது நன்றாக இருக்கும், வேட்டி கட்டும்போது எங்கே மாட்டுவது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.