இண்டியானாபொலிஸில் கிடைத்த நான்காம் இடம்

தென்காசிக்காரர்:

2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்துச் சாரல் தென்காசித் தெருக்களையும் நனைக்கும் ஆனி மாதம். இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயமான அமெரிக்க கிராண்ட் பிரீ நம் நேரத்துக்கு நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கியது. செங்கோட்டை வழியாகக் கேரளம் போகும் லாரிகளுக்கு டயர் மாற்றும் கடை வைத்திருந்த சித்தப்பா, கடையை அடைத்துவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்தார். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், நம் கோயம்புத்தூர்க்காரர். சித்தப்பா பந்தயம் பார்த்ததே அவருக்காகத்தான்.

அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 20 கார்களில் 14 கார்கள், டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் திரும்பிவிட்டன. முதலிடத்தில் நிற்க வேண்டிய ட்ரூலியும் உள்ளே போய்விட்டார். "ஏலே, எல்லோரும் ஏன் திரும்பிப் போகிறார்கள்?" என்றார் சித்தப்பா.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் இடது பின்டயர் கெட்டுச் சுவரில் மோதியிருந்தது. சரிவாக உயர்ந்து நிற்கும் 13-ஆம் வளைவு அது. முழு வேகத்தில் கடப்பார்கள். அந்த வேகத்தில் பந்தயம் முழுவதும் எங்கள் டயர் தாங்காது என்று, அந்த 14 கார்களுக்கும் டயர் கொடுத்த மிஷெலின் நிறுவனம் சொல்லிவிட்டது. தகுதிச் சுற்றுக்குப் போட்ட டயரிலேயே பந்தயத்தையும் முடிக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. வேகத்தைக் குறைக்க அங்கே ஒரு தடுப்பு வளைவு அமைக்கலாம் என்ற யோசனையை, பந்தய விதிகளை வகுக்கும் சர்வதேச சம்மேளனம் ஏற்கவில்லை. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்த ஃபெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்று அணிகள் மட்டுமே களத்தில் நின்றன.

நான் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பாரம் ஒரே பக்கமாக அழுத்தினால் டயர் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தாங்காது என்று தெரிந்தபின் ஓட்டச் சொல்லாதவன்தான் நேர்மையான டயர்க்காரன் என்றார். இன்றைக்கும் என் கருத்து அதுவே.

மைக்கேல் ஷூமாக்கர், பாரிசெல்லோ, மான்டெய்ரோ, அடுத்து கார்த்திகேயன். நான்காம் இடத்துக்கு ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை.

"ஆறு பேரில் நான்காவதுதானே" என்று மறுநாள் டீக்கடையில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபமே வந்தது. மற்றவர்கள் விலகியது அவர் செய்த காரியம் இல்லை. 72 சுற்றுகள் ஓட்டி, இரண்டு மினார்டிகளையும் பின்னால் நிறுத்தி, காரை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த நான்காம் இடத்தை யாரும் அவருக்குத் தானமாகக் கொடுக்கவில்லை.

அம்பாசமுத்திரத்துக்காரர்:

அண்ணாச்சி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். எங்கள் வீட்டில் மனம் கசந்த பந்தயம் 2021 டிசம்பர் 12 அன்று நடந்த அபுதாபி. ஆண்டுப் பட்டத்தைத் தீர்மானிக்கும் அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் தலா 369.5 புள்ளிகளோடு வந்தார்கள். ஹாமில்டன் முன்னணியில் இருக்க, சில சுற்றுகளே மிச்சம் என்ற நிலையில் லத்தீஃபியின் கார் மோதியது. எல்லோரையும் மெதுவாக அழைத்துச் செல்லும் பாதுகாப்புக் கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் பிட்டுக்குள் போய்ப் புது டயர் போட்டார். ஒரு சுற்று பின்தங்கியிருந்த கார்களில், இருவருக்கும் நடுவே இருந்த ஐந்தை மட்டும் முந்திப் போக அனுமதித்துவிட்டு, கடைசி ஒரே சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்டார்கள். பழைய டயரோடு ஹாமில்டன் என்ன செய்வார்? வெர்ஸ்டாப்பன் முந்திப் பட்டத்தை வென்றார்.

என் தங்கை மகன் அன்று இரவு சாப்பிடவில்லை. மனிதத் தவறு நடந்தது என்று சம்மேளனத்தின் அறிக்கையே அடுத்த மார்ச்சில் ஒப்புக்கொண்டது, முடிவை மாற்றவில்லை. வெர்ஸ்டாப்பன் மேல் எனக்குக் குறை இல்லை. திறந்த வழியில் அவர் ஓட்டினார். விதியை நடுவழியில் வளைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இண்டியானாபொலிஸில் பந்தயமே பாழாகும் என்று தெரிந்தும் விதியை அசைக்காதவர்கள், அபுதாபியில் ஒரு சுற்றுக்காக எப்படி அசைத்தார்கள்?