தோட்டத்தில் குடியை விட உதவி கேட்டு வருபவரின் பெயர் வெளியே போகாமல் காப்பது எப்படி?

லயத்துவாசல்:

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் மூன்று டிவிஷனும் ஒரு பெக்டரியும் உள்ள தேயிலைத் தோட்டத்தில் நலன்புரி வேலை பார்க்கிறேன். குடியை விட உதவி கேட்டு வருகிறவர்மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று துரை, அதாவது தோட்ட முகாமையாளர், சம்மதித்துவிட்டார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் சொல்லியாயிற்று. ஆனால் ஒருவரும் வரவில்லை. காரணம் தெரிந்ததுதான். டிஸ்பென்சரி ஒபிசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே எழுதும் துண்டு வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கையில் போகிறது. காலையில் எழுதினால் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

யாரை எங்கே அனுப்புவது? ஒபிசுக்கு என்ன காகிதம் போகவேண்டும், எது போகக்கூடாது? பெக்டரியில் ரோலர் பக்கம் நிற்கிறவர், லொறி ஓட்டுகிறவர் வந்தால் இரகசியம் எந்த மட்டுக்கும்? இதைச் செய்து அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

துண்டுக்காகிதம்:

"இரகசியமாக வைப்போம்" என்று எத்தனை தரம் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். காகிதம் போகும் வழியை மாற்றுங்கள், அதைக் கண்ணால் பார்த்தபின் வருவார்கள்.

முதலில் தனித் துண்டு அச்சடிக்காதீர்கள். பிரஷர் கிளினிக்குக்கும் சீனி கிளினிக்குக்கும் கண் கிளினிக்குக்கும் எந்தத் துண்டு கொடுக்கிறீர்களோ அதையே இதற்கும் கொடுங்கள். அதில் திகதி, போன நேரம், வந்த நேரம், இவை மட்டும். வரவும் சம்பளமும் பதியும் செக்ரோலில் அந்த நாளுக்கு எப்படிப் பதிகிறீர்கள் என்பதும் முக்கியம். மற்றக் கிளினிக்குக்குப் போகிறவருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டால் இவருக்கும் அரைப் பேர்தான். இரக்கப்பட்டு முழுப் பேர் போட்டீர்களென்றால் பக்கத்து மலையில் நிற்பவர் "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பார். இரகசியம் அங்கேயே உடைந்துவிடும்.

ஒபிசுக்கு நோயின் பெயர் தேவையில்லை. இன்னின்ன வேலைக்குத் தகுதி, இன்ன திகதி வரை இன்னின்ன வேலை வேண்டாம் என்ற ஒரு வரி போதும். ஆஸ்பத்திரியில் வாட்டில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் டயக்னோசிஸ் காட்டையே ஒபிசில் நீட்டிவிடுவார்கள். அதில் எல்லாம் எழுதியிருக்கும். மெடிக்கல் சேர்டிபிகட் வேறு, டயக்னோசிஸ் காட் வேறு என்று ஆளை அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். ஒபிசுக்குச் சேர்டிபிகட் மட்டும். காட்டும் கிளினிக் கொப்பியும் அவர் வீட்டில் இருக்கட்டும். சேர்டிபிகட்டில் நோயை விரிவாக எழுதவேண்டாம் என்று டொக்டரிடம் கேட்பதிலும் தவறில்லை.

உதவி கேட்கிறவர் முதலில் பேசத் தொடர்பாளர் இரண்டு பேர் வேண்டும், ஒரு ஆண், ஒரு பெண். கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், இந்த மூவரும் நல்லவர்களாகவே இருந்தாலும் வேண்டாம். சம்பளமோ சிபாரிசோ அவர்கள் கையில் இருக்கிறது என்ற எண்ணமே ஆளைத் தடுக்கும். தனி சிம் போட்ட போன் ஒன்று வையுங்கள். லயத்தில் ஒரு போனை வீட்டில் எல்லாரும் எடுப்பார்கள் என்பதை மறக்கவேண்டாம். "நாளை 10 மணிக்கு" என்பதற்கு மேல் எதையும் மெசேஜில் எழுதாதீர்கள். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்று முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்டு வையுங்கள்.

பதிவுக் கொப்பியில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். இலக்கத்துக்கு உரிய பெயர் வேறொரு கொப்பியில், வேறொரு பூட்டுக்குள் இருக்கட்டும். கொம்பனிக்கு அறிக்கை கேட்டால் எண்ணிக்கை மட்டும் கொடுங்கள். ஆனால் எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்கும். "மேல் டிவிஷன் - 1" என்று எழுதினால் அந்த ஒருவர் யாரென்று எல்லாருக்கும் புரியும். 5 பேருக்குக் குறைந்தால் டிவிஷன் வாரியாகப் பிரிக்காதீர்கள். ஆலோசகருக்குக் கொம்பனி பணம் கொடுப்பதாக இருந்தால் பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து ஒரே பில்லாக, பெயரில்லாமல் வரட்டும்.

வாட்_நம்பர்_இல்லை:

மேலே உள்ளவர் காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் உயிரைப் பற்றிச் சொல்லவேண்டும். உதவி செய்ய வருகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, தினமும் குடிப்பவரிடம் "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்குவது. சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தால் அது சாமி குற்றமில்லை. உடம்பு பழகிய மதுவைத் திடீரென்று நிறுத்தியதால் வருவது அது.

கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 12 மணித்தியாலத்தில் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள். மூன்றாம் நாளை ஒட்டி, அதாவது 48 முதல் 96 மணித்தியாலத்தில், இல்லாததைக் காண்பது, ஆளைத் தெரியாமல் பேசுவது, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு. இந்த நிலையில் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். முன்பு வலிப்பு வந்தவர், காலையில் எழுந்ததும் குடிக்காமல் கை நிற்காதவர், 60 வயதைத் தாண்டியவர், ஈரல் நோயுள்ளவர், இவர்கள் வாட்டில் இருந்துதான் நிறுத்தவேண்டும். அங்கே டயசிபாம் என்ற மருந்து கொடுத்து நாளுக்கு நாள் குறைத்து வருவார்கள். தயமின், அதாவது பி1 விற்றமினும் ஏற்றுவார்கள். டிஸ்பென்சரியில் நடுங்குகிறவரைப் பார்த்து "பலவீனம்" என்று தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது ஆபத்து. மூளை பாதிக்கப்படலாம்.

போயா தினத்தைக் கவனியுங்கள். சாராயக் கடை மூடியிருக்கும். களவாக வடிக்கும் கசிப்பும் கிடைக்காதவருக்கு மறுநாள் பெரட்டில் கை நடுங்கும். "வெறியோடு வந்திருக்கிறான்" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர் அன்று குடிக்காததால்தான் நடுங்குகிறார். திருப்பி அனுப்பினால் வழியில் குடிப்பார், அல்லது வழியில் விழுவார்.

எவ்வளவு குடிக்கிறார் என்று கணக்கிட உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் படிவம், ஓடிட் என்பார்கள், போதும். 40க்கு 8 வந்தால் ஆபத்தான குடி, 20ஓ அதற்கு மேலோ வந்தால் அடிமைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், டொக்டர் பார்க்கவேண்டும். அதில் ஒரு அலகு 10 கிராம் மதுசாரம். 33.5 சதவீதச் சாராயத்தில் கால் போத்தல், 180 மில்லி, ஏறக்குறைய 5 அலகு. அரைப் போத்தல் 10 அலகு. கசிப்புக்கு இந்தக் கணக்கு உதவாது, ஒவ்வொரு வடிப்பும் ஒவ்வொரு வீரியம். அதற்குக் கிளாஸ் கணக்கை விட்டு, காலையில் குடிக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

எங்கே அனுப்புவது என்றால், முதல் அழைப்புக்கு 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். போதைப்பொருளுக்கு 1927, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. நேரில் காட்டுவதற்கு டிக்கோயா, நுவரெலியா, பதுளை, பேராதனை வைத்தியசாலைகளில் எது அவருக்கு ஒத்துவருகிறதோ அது. மனநலக் கிளினிக் நாளில் அந்த வாங்கில் உட்கார்ந்தால் ஊரார் கண்ணில் படும் என்று பயப்படுகிறவருக்குப் பக்கத்து டவுன் நல்லது. ஆனால் மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய இடத்துக்கு யாரும் இரண்டாம் தரம் போகமாட்டார்கள். போகுமுன்பே தமிழில் பேசக்கூடியவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிடுங்கள். சிங்களம் தடுமாறுகிறவரைத் தனியே அனுப்பினால் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு மருந்தையே விட்டுவிடுவார்.

லயத்துவாசல்:

மிக நன்றி. இன்னும் இரண்டு விஷயம். சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஏதோ தூள் கிடைக்குமாமே என்று மனைவிமார் கேட்கிறார்கள். கணவரின் சம்பளத்தை எங்கள் கையில் தரச்சொல்லுங்கள் என்றும் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வாட்_நம்பர்_இல்லை:

தூள் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. அந்தத் தூளில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி, இரத்த அழுத்தம் விழுவது, இதயமே நிற்பதும் உண்டு. மருந்தை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். அந்த மருந்தை எழுதும் டொக்டர் முதலில் ஈரலையும் இதயத்தையும் பார்த்து, குடித்தால் என்ன ஆகும் என்று ஆளிடமே சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்பார். தெரியாமல் கலப்பவர் என்ன கலக்கிறோம் என்றே அறியமாட்டார்.

நியாயசபைப்படி:

சம்பளம் வேலை செய்தவருடையது. அவர் எழுத்தில் சம்மதித்தால் அவர் சொல்லும் கணக்கில் போடலாம். மனைவி கேட்டாள் என்பதற்காக மாற்ற முடியாது, மாற்றினால் உதவி கேட்டு வந்ததற்குத் தண்டனை என்று எல்லாரும் நினைப்பார்கள். அதைவிட முதலில், அந்தப் பெண்ணின் சொந்தச் சம்பளத்தைக் கணவர் வாங்கும் பழக்கம் உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை நிறுத்த யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைக்கு ஆபத்தென்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929.

ரோலர், லொறி பற்றி முதலில் கேட்டிருந்தீர்கள். இரகசியத்தின் எல்லையை முதல் பேச்சிலேயே சொல்லிவிடவேண்டும், பிறகல்ல. "நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். தன்னுயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, பிள்ளைக்குத் துன்பம், இதில் மட்டும் நான் பேசாமல் இருக்க முடியாது." அப்போதும் ஒபிசுக்குச் சொல்வது "இன்றுமுதல் இந்தத் திகதி வரை மெஷின் வேலை, லொறி வேண்டாம்" என்பது மட்டும். ஏன் என்று கேட்டால் மருத்துவக் காரணம். துரை அதற்கு மேல் கேட்பதில்லை என்று முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருக்கவேண்டும்.

உதவியும் ஒழுக்காற்று விசாரணையும் இரண்டு வாசல். வெறியில் டிரையர் பக்கம் பிடிபட்டவர்மேல் விசாரணை நடக்கலாம். ஆனால் அவர் கிளினிக்குப் போனதையோ ஆலோசகரிடம் சொன்னதையோ விசாரணையில் எடுக்கக்கூடாது, தொடர்பாளரைச் சாட்சிக்குக் கூப்பிடவும் கூடாது. ஒரு தரம் கூப்பிட்டால் உங்கள் திட்டம் அன்றோடு முடிந்தது. சர்வதேச தொழில் அமைப்பின் 1996 வழிகாட்டி நடைமுறையும் மது, போதைப் பிரச்சினையைச் சுகாதாரப் பிரச்சினையாகத்தான் பார்க்கச் சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகைத் தரவு. துரை மாறினால் புதியவரிடம் காட்ட இவை இரண்டும் உதவும்.

வாட்டில் இருப்பவருக்கு ஒரு பெரிய ஆபத்து, வேலையைக் கைவிட்டுப் போனதாகக் கடிதம் வருவது. சேரும் நாளிலேயே சேர்டிபிகட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் ஒரு பிரதியையும் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். நடுக்கத்தில் இருப்பவரிடம் விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்க விடாதீர்கள். வேலை நீக்கப்பட்டால் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதம்தான் காலம். சுகமாகட்டும் பிறகு பார்ப்போம் என்று இருந்து அந்தக் காலத்தைத் தவறவிடுகிறவர்கள் பலர்.

துண்டுக்காகிதம்:

திரும்பி வந்தபிறகு முதல் மாதம் இராத்திரி ஷிப்ட் கொடுக்காதீர்கள், தூக்கம் கெட்டால் கை பழைய இடத்துக்கே போகும். சம்பள நாள், தீபாவளி முற்பணம் கொடுக்கும் நாள், திருவிழாக் கொடியேற்றம், இந்த மூன்றுக்கும் முந்திய நாள் தொடர்பாளர் ஒரு தரம் பேசட்டும். மலையில் ஆண்கள் வேலை மதியத்தோடு முடிவதால் பின்னேரம்தான் கடினம். கால்பந்தோ மரக்கறித் தோட்டமோ, ஏதாவது ஒன்றை அவரோடு சேர்ந்து நேரம் குறித்து முடிவு செய்யுங்கள். மீண்டும் ஒரு நாள் குடித்துவிட்டால் முதல் துண்டுக்கே திரும்புங்கள், தண்டனைக் கொப்பிக்கு அல்ல.

அறிவித்தலை ஒபிஸ் பலகையில் ஒட்டவேண்டாம். அதன் முன்னால் நின்று வாசிக்க யாருக்குத் துணிவு வரும்? சம்பளத் துண்டின் பின்பக்கத்தில் எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுங்கள். எல்லார் பையிலும் அது இருக்கும்போது யார் அதைப் பார்த்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.